குளிரூட்டிய வாசிப்புக் கூடத்தில் மதியத்துக்கு மேல் தலைவலி: புத்தகத் தூசியா, காற்றா?

கிளை_நூலகர்

அனைவருக்கும் வணக்கம். டெல்டா மாவட்டம் ஒன்றில் கிளை நூலகராகப் பணியாற்றுகிறேன். எங்கள் நூலகத்தின் முதல் தளத்தில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கென ஒரு கூடம் இருக்கிறது. நீளம் 33 அடி, அகலம் 26 அடி, உயரம் 10 அடி. புரவலர் ஒருவரின் உதவியால் சென்ற ஆண்டு அங்கு இரண்டு ஸ்பிளிட் ஏசி பொருத்தினோம். குளிர் வீணாகக் கூடாது என்று சன்னல்களை அடைத்து, இடுக்குகளிலும் நாடா ஒட்டிவிட்டார்கள். காலையில் திறந்த ஒரு மணி நேரத்துக்குள் நாற்பது நாற்காலிகளும் நிரம்பிவிடும். பலர் சாப்பாட்டுக்குத் தவிர எழுந்திருப்பதே இல்லை.

ஏசி வந்த பிறகுதான் முறையீடுகளும் வரத் தொடங்கின. மதியத்துக்கு மேல் தலை கனக்கிறது, கண் எரிகிறது, தொண்டை வறள்கிறது, எவ்வளவு தேநீர் குடித்தாலும் தூக்கம் வருகிறது என்கிறார்கள். பின்சுவரை ஒட்டிப் பழைய நோக்கு நூல்கள் அடுக்கியிருப்பதால் புத்தகத் தூசிதான் காரணம் என்று வாசகர் வட்டத்தில் சிலர் சொல்கிறார்கள். அலமாரிகளில் பூச்சிமருந்து அடித்து, பாச்சை உருண்டையைக் கூடுதலாகப் போடச் சொல்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். கதவை ஒட்டி உட்கார்பவர்கள் அதிகம் முறையிடுவதில்லை. அந்த நாற்காலிகளுக்குத்தான் காலையில் போட்டி. மருந்தடிப்பதற்கு முன் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

காற்றுவழி

ஐயா, மருந்தடிப்பதை முதலில் நிறுத்தி வையுங்கள். கதவோரத்து நாற்காலியைப் பற்றி நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. நான் கட்டடக் காற்றோட்டத் துறையில் பொறியாளர்.

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றை இழுத்து, குளிர்வித்து, ஈரத்தைக் கொஞ்சம் குறைத்துத் திரும்ப அறைக்குள்ளேயே விடுகிறது. வெளியே தொங்கும் பெட்டி வெப்பத்தை மட்டுந்தான் வெளியேற்றுகிறது. இரண்டுக்கும் இடையில் செல்லும் செம்புக் குழாயில் ஓடுவது குளிர்பதன வாயு, நாம் மூச்சுவிடும் காற்று அல்ல. இது தெரியாமல்தான் பெரும்பாலான இடங்களில் ஏசி பொருத்திய கையோடு சன்னலை அடைத்துவிடுகிறார்கள்.

உங்கள் கூடத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 240 கன மீட்டர். உட்கார்ந்து படிக்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 18 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். நாற்பது பேருக்கு 720 லிட்டர். வெளிக்காற்று சிறிதும் நுழையாது என்று வைத்துக்கொண்டால், ஒரே மணி நேரத்தில் அந்த வாயுவின் அளவு 3,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 3,000 பங்கு) கூடிவிடும். திறந்தவெளியில் இருப்பது 420 சொச்சம். உண்மையில் கதவு திறந்து மூடுவதால் ஓரளவு காற்று மாறும் என்பதால் இவ்வளவு வேகமாக ஏறாது. ஆனால் மதியத்துக்குள் அந்த அளவைத் தொட எந்தத் தடையும் இல்லை. மியூனிக் நகரின் சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர், மக்கள் தங்கும் அறையில் இது 1,000 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்று 1858ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்.

இன்னொரு சிக்கலும் உண்டு; அது நம் ஊர் நூலகங்களுக்கே உரியது. குளிரூட்டல், காற்றோட்டப் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரே வகுத்த 62.1 தரநிலை, நூலகத்துக்கு ஆளொன்றுக்கு நொடிக்கு 2.5 லிட்டரும், தரைப்பரப்பில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 0.6 லிட்டரும் வெளிக்காற்று வேண்டும் என்கிறது. நூறு சதுர மீட்டருக்குப் பத்துப் பேர் அளவில் நடமாடும் இடமாக நூலகத்தைக் கருதி எழுதிய கணக்கு அது. உங்கள் கூடத்தில் எண்பது சதுர மீட்டருக்குள் நாற்பது பேர் நாள் முழுவதும் அமர்ந்திருக்கிறார்கள். பெயர்ப்பலகையில் நூலகம் என்றிருந்தாலும் காற்றைப் பொறுத்தவரை அது வகுப்பறை. நூலகக் கணக்கை அப்படியே பின்பற்றினால்கூட உங்கள் கூடம் 1,700 சொச்சம் பிபிஎம்மில் போய் நிற்கும். வகுப்பறைக்குரிய ஆளுக்கு 5 லிட்டர், சதுர மீட்டருக்கு அதே 0.6 லிட்டர் என்ற கணக்கில் 1,200 சொச்சத்துக்கு வரும். ஆளுக்கு 10 லிட்டர் கிடைத்தால்தான் ஆயிரத்துக்குக் கீழே இறங்கும்.

தேர்வர்_77

நாற்பதில் ஒருவனாக இப்படிப்பட்ட கூடத்தில் நாள்தோறும் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். சன்னலைத் திறக்கச் சொல்வது எளிது. சித்திரை, வைகாசியில் மின்விசிறி அனல் காற்றைத்தான் இறைக்கிறது. வியர்வை சொட்டித் தாள் நனைகிறது. எங்களில் பலருக்கு வீட்டில் படிக்க மேசை கிடையாது, தனி அறை கிடையாது. தனியார் படிப்பகங்களில் மாதக் கட்டணம் கேட்கிறார்கள். ஆகவே ஏசியை எடுத்துவிடுங்கள் என்பதில் போய் முடிகிற எந்த யோசனையையும் தயவுசெய்து முன்வைக்காதீர்கள்.

என் கேள்வி வேறு. கரியமில வாயு கூடினால் மூளை மந்தமாகிவிடும் என்று இணையத்தில் நிறையப் படிக்கிறேன். அது உண்மையா? உண்மையென்றால் அங்கே உட்கார்ந்து மாதிரித் தேர்வு எழுதுவதிலேயே பொருள் இல்லையே.

நெய்தல்

தம்பி, மருத்துவராகப் பதில் சொல்கிறேன். இணையத்தில் சொல்லப்படும் அளவுக்கு அது தீர்ந்துபோன வழக்கு அல்ல.

2012ஆம் ஆண்டில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர் பங்கேற்ற ஓர் ஆய்வில், 22 பேரை ஓர் அறையில் அமர்த்தி, சுத்தமான கரியமில வாயுவை மட்டும் கலந்து 600, 1,000, 2,500 பிபிஎம் அளவுகளில் வைத்தார்கள். முடிவெடுக்கும் திறனை அளக்கும் தேர்வில், 2,500இல் பல பிரிவுகளில் மதிப்பெண் நன்றாகவே சரிந்தது. 2016இல் ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியினர் 24 பேரிடம் நடத்திய ஆய்விலும் காற்றோட்டம் கூடிய நாட்களில் மதிப்பெண் கூடியது. இவ்விரண்டும்தான் செய்திகளில் திரும்பத் திரும்ப வருகின்றன.

எதிர்ப்பக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. டென்மார்க்கில் நடந்த ஆய்வில், சுத்தமான வாயுவை 3,000 பிபிஎம் வரை ஏற்றியபோது குறிப்பிடத்தக்க பாதிப்பு எதுவும் தெரியவில்லை. அதே அளவு மனிதர்களின் மூச்சாலும் உடலாலும் இயல்பாகச் சேர்ந்தபோதுதான் தலைவலியும் சோர்வும் கூடின, பணித்திறனும் குறைந்தது. அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் வீரர்களிடம் 15,000 பிபிஎம் வரை சோதித்து 2018இல் வெளியான ஆய்விலும் முடிவெடுக்கும் திறனில் மாற்றம் தென்படவில்லை. ஆகவே கரியமில வாயுவைக் குற்றவாளி என்பதைவிட, அறைக்குள் காற்று மாறவில்லை என்று காட்டிக்கொடுக்கும் சாட்சி என்று கொள்வதே சரி என்பது என் கருத்து. மாதிரித் தேர்வைத் தாராளமாக எழுதுங்கள். ஆனால் தலைவலியை உங்கள் சோம்பல் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை தொற்று. ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் எத்தனை பங்கு இழுக்கிறார் என்பதையும் அந்த அளவு காட்டுகிறது. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். காசநோய் காற்றின் வழியாகப் பரவும் என்பதை பால்டிமோர் நகர மருத்துவமனை ஒன்றில் ரைலி, வெல்ஸ் என்ற ஆய்வாளர்கள் கினிப் பன்றிகளைக் கொண்டு மெய்ப்பித்தார்கள். நோயாளிகளின் அறையிலிருந்து வெளியேறிய காற்றை மட்டுமே அவை சுவாசித்தன, அவற்றுக்கும் நோய் தொற்றியது. பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் எடுத்து 2007இல் வெளியிட்ட அளவீடுகள் இதைவிட நமக்கு நெருக்கமானவை. கதவும் சன்னலும் திறந்த அறைகளில் காற்று மணிக்கு 28 முறை மாறியது; இயந்திரக் காற்றோட்டம் கொண்ட அறைகளில் 12 முறை; எல்லாம் மூடியிருந்தபோது 1.5 முறைதான். உயரமான கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்களே முன்னணியில் நின்றன.

கண் எரிச்சலுக்கு வேறு காரணமும் உண்டு. ஊன்றிப் படிக்கும்போது நாம் இமைப்பது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. அந்த நேரத்தில் ஏசியின் காற்று நேராக முகத்தில் அடித்தால் கண்ணீர்ப் படலம் விரைவில் உலர்ந்துவிடும். நம் ஊர்க் காற்றில் ஈரம் குறைவே இல்லை. ஆகவே அறையில் தண்ணீர் வாளி வைப்பதால் பயனில்லை. ஏசியின் தகட்டை மேல்நோக்கித் திருப்பி வையுங்கள்.

முன்னாள்_ஆசிரியர்

நான் படித்த காலத்தில் எந்த நூலகத்திலும் ஏசி இல்லை, எவருக்கும் தலைவலியும் இல்லை. கன்னிமாரா நூலகத்தின் 1896ஆம் ஆண்டுக் கட்டடத்தைப் பாருங்கள்; அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரம். மேலே சூடு தங்கும், கீழே மனிதர் தங்குவர். அதையெல்லாம் விட்டுவிட்டுப் பத்தடிக் கூரைக்கு வந்ததுதான் இத்தனைக்கும் காரணம்.

காற்றுவழி

கூரை உயரத்தைப் பற்றி ஆசிரியர் ஐயா சொல்வதை முழுவதும் ஏற்கிறேன். மேலே நெய்தல் அவர்கள் எழுதியதும் அதையே சொல்கிறது. ஆனால் அன்றைய தெருவும் இன்றைய தெருவும் ஒன்றல்ல. பேருந்து நிலையத்தை ஒட்டிய நூலகத்தில் சன்னலைத் திறந்தால் டீசல் புகையும் நுண்துகளும் உள்ளே வரும். பிஎம் 2.5 எனப்படும் நுண்துகளுக்கு இந்தியத் தரநிலை 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல் 15 என்கிறது. தெருவைப் பார்த்த சன்னலைவிடப் பின்பக்கத் தோட்டத்தைப் பார்த்த சன்னலைத் திறப்பது நல்லது. இரண்டு பக்கமும் சாலையாக இருந்தால் காற்று நுழையும் வழியில் வடிகட்டி வைக்க வேண்டியதுதான்.

ஏட்டுக்கட்டு

நூல் பாதுகாப்புப் பணியில் இருப்பவள் என்ற முறையில், இதுவரை யாரும் தொடாத பக்கத்தைச் சொல்கிறேன். பாச்சை உருண்டையைக் கூடுதலாகப் போடச் சொன்னதைப் படித்ததும் பதறிவிட்டது.

பாச்சை உருண்டை பெரும்பாலும் நாப்தலீன், சில வகைகள் பாராடைகுளோரோபென்சீன். இரண்டையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற 2பி பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அறைக்காற்றில் அதன் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2010இல் வரையறுத்தது. காற்றே மாறாத கூடத்தில், நாற்பது பேர் முதுகுக்குப் பின்னால், அலமாரிதோறும் உருண்டைகளை வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். மணம் வந்தாலே அதைச் சுவாசித்துக்கொண்டிருக்கிறோம் என்றுதான் பொருள். இத்தனைக்கும் அது நூல்களை அரிக்கும் இராமபாணப் பூச்சியைத் திறந்த அலமாரியில் பெரிதாக ஒன்றும் செய்துவிடுவதில்லை. மூடிய பெட்டிக்குள் ஆவி அடர்ந்தால்தான் அதற்கு வேலை.

பழைய அலமாரிகளின் இடுக்கில் வெளிர் நிறப் பொடி தென்பட்டால் கைவிரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். முன்பு பல இடங்களில் கெமக்சின் பொடியைத் தூவியிருக்கிறார்கள். அதில் இருக்கும் பிஎச்சி என்ற பூச்சிக்கொல்லி இந்தியாவில் 1997இல் தடைசெய்யப்பட்டது. ஆனால் தூவிய பொடி தடையாணையைப் படித்துவிட்டுத் தானாக எழுந்து போகவில்லை. முகக்கவசமும் கையுறையும் அணிந்து ஈரத்துணியால் துடைத்து, துணியைத் தனியாகக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

பூச்சி அரித்த நூல்களைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, கழிக்குறி 20 பாகை செல்சியசில் ஒரு வாரத்துக்கு மேல் உறைய வைத்தால் முட்டை உட்பட இறந்துவிடும். நச்சு எதுவும் மிஞ்சாது. தஞ்சாவூர் சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றை இடித்துப் பச்சைக் கற்பூரம் சேர்த்துச் சிறு பொட்டலங்களாக வைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அது பூச்சியை அண்டவிடாமல் வைக்கும். உள்ளே இருப்பதைக் கொல்லும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

தூசியைப் பற்றி: தூசிக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது உண்மையான தொல்லை. ஆனால் வாசகர் உட்கார்ந்திருக்கும்போதே துணியால் தட்டி விடுகிற வழக்கம், தூசியை அலமாரியிலிருந்து நுரையீரலுக்கு இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். நுண்தூசியையும் பிடித்துவைக்கும் ஹெபா வடிகட்டி உள்ள தூசி உறிஞ்சி இல்லாவிட்டால், நூலகம் மூடிய பிறகு நூலின் தலைப்பக்கத்தை மென்மையான தூரிகையால் வெளிப்புறமாகத் துடையுங்கள். துடைப்பவர் என்95 அணியட்டும். வாசகர்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். ஆண்டு முழுவதும் அந்தக் காற்றிலேயே இருப்பவர்கள் நூலகப் பணியாளர்கள்.

இன்னும் ஒன்று. இரவில் ஏசியை அணைத்துவிட்டு அறையை மூடிவிட்டால், குளிர்ந்திருந்த சுவரிலும் நூல்களிலும் ஈரம் படியும். காற்றின் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். பின்சுவரில் அலமாரியைச் சற்று நகர்த்தி, சுவருக்கும் அலமாரிக்கும் இடையில் டார்ச் அடித்துப் பாருங்கள். நூலின் முதுகில் சாம்பல் நிறத்திலோ பச்சையாகவோ புள்ளிகள் இருந்தால் வாசகர்கள் சொல்லும் தொண்டைத் தொல்லைக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

கிளை_நூலகர்

அம்மா, நீங்கள் சொன்னபடி பார்த்தோம். கடைசி அலமாரிக்குப் பின்னால், ஏசியின் தண்ணீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் குழாய் கசிந்து, காரை உப்பியிருக்கிறது. அடித்தட்டில் இருந்த அரசிதழ்த் தொகுப்புகளின் முதுகில் பூஞ்சணம் இருந்தது. அவற்றைப் பையிலிட்டுத் தனி அறைக்கு மாற்றிவிட்டோம். குழாயைச் சரிசெய்ய ஆள் வந்து போயிருக்கிறார். பாச்சை உருண்டைகளை எல்லாம் பொறுக்கி எடுத்தாயிற்று.

பக்கத்துக் கல்லூரியிலிருந்து கரியமில வாயு அளக்கும் கருவி ஒன்றையும் இரவல் வாங்கினோம். பகல் உணவு வேளைக்கு முன்பே 2,000ஐத் தாண்டிவிட்டது. எல்லோரும் சாப்பிடச் சென்று கதவு திறந்து கிடந்த நேரத்தில் விறுவிறுவென்று இறங்கியது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஏறத் தொடங்கியது. கருவியை மேசையின் மேல் எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருந்ததால், இப்போது எண் ஏறினால் பையன்களே எழுந்து கதவைத் திறக்கிறார்கள்.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒருவர் நேரில் கேட்டார். குழல்விளக்குகள் போதுமா என்று எப்படி அறிவது?

காற்றுவழி

கரியமில வாயு அளக்கும் கருவியைச் சொந்தமாக வாங்கும்போது, அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு அளக்கும் என்டிஐஆர் உணரி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மலிவான கருவிகள் சில, வேறு ஆவிகளை மோப்பம் பிடித்துக் கரியமில வாயுவின் அளவைக் குத்துமதிப்பாகக் காட்டுகின்றன. பினாயில் போட்டுத் துடைத்தாலே அவற்றில் எண் எகிறும்.

வெளிச்சத்துக்கு ஐரோப்பியத் தரநிலை வாசிப்பு மேசையில் 500 லக்ஸும் அலமாரியில் 200 லக்ஸும் கேட்கிறது; லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு. பெரும்பாலும் குறை விளக்கின் எண்ணிக்கையில் இருக்காது. படிப்பவரின் தலைநிழல் தாளில் விழும்படி விளக்கு முதுகுக்குப் பின்னால் இருக்கும், அல்லது வழவழப்பான மேசைப்பலகையில் பட்டுக் கண்ணில் தெறிக்கும். மேசையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். புதிய மேசை வாங்குவதாக இருந்தால், துகள்பலகையில் செய்தவற்றைத் திறந்த இடத்தில் சில வாரங்கள் போட்டுவைத்து, பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். ஒட்டுப்பசையிலிருந்து கண்ணையும் மூக்கையும் உறுத்தும் ஃபார்மால்டிஹைடு வாயு வெளிவரும். வெப்பமும் ஈரமும் கூடினால் இன்னும் அதிகமாக வரும்.

தேர்வர்_77

கதவைத் திறந்து வைத்தால் குளிர் போய்விடுகிறதே என்று எங்கள் கூடத்தில் சண்டையே நடக்கிறது. வெளியேற்று விசிறி ஒன்றைப் பொருத்திவிட்டால் போதாதா? ஏசியும் ஓடட்டும், விசிறியும் ஓடட்டும்.

காற்றுவழி

போதும் என்று சொல்ல ஆசைதான். ஆனால் மின்கட்டணத்தை மறைத்துச் சொல்வது முறையாகாது. நாற்பது பேருக்கு வகுப்பறைக் கணக்கில் மணிக்கு ஏறத்தாழ 900 கன மீட்டர் வெளிக்காற்று வேண்டும். 36 பாகைச் சூட்டில் இருக்கும் டெல்டாக் காற்றை 26 பாகைக்குக் கொண்டுவர, இரண்டு டன்னுக்கு மேல் கூடுதல் குளிரூட்டும் திறன் தேவைப்படும். அதிலும் பெரும்பங்கு வெப்பத்தைக் குறைக்க அல்ல, ஈரத்தைப் பிழிந்து எடுக்கவே செலவாகும். வெளியேறும் குளிர்காற்றைக் கொண்டு உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் மீட்புக் கருவிகள் சந்தையில் உண்டு. கிளை நூலகத்தின் நிதிக்கு அவை எட்டுமா என்பது வேறு பேச்சு.

என்னைக் கேட்டால் நேரத்தைப் பிரித்துக்கொள்வதுதான் முதல் வழி. காலையில் கதவு திறப்பதற்கு அரை மணி முன்பே எல்லாச் சன்னல்களையும் திறந்து விசிறியை ஓடவிடுங்கள். முற்பகலில் வெயில் ஏறும் வரை ஏசி வேண்டாம். உச்சிவேளையில் ஏசியை 26 அல்லது 27இல் வைத்து, மேலே மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் 23இல் வைத்த குளிர்ச்சி உடலுக்குக் கிடைக்கும். அந்த மிச்சத்தை வெளிக்காற்றுக்குச் செலவிடலாம். மாலையில் மறுபடியும் சன்னல். நாற்பது நாற்காலிகளில் பன்னிரண்டைக் கீழ்த்தளத்து நாளிதழ்ப் பிரிவுக்கு மாற்ற முடிந்தால், வேண்டிய காற்றின் அளவே ஏறத்தாழ கால்பங்கு குறைந்துவிடும். எந்தக் கருவி வாங்குவதையும்விட இது மலிவு.

நெய்தல்

மணிக்கு ஒரு முறை பத்து நிமிடம் எல்லோரும் எழுந்து வெளியே போய்வருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறைக்கும் நல்லது, கண்ணுக்கும் இடுப்புக்கும் நல்லது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடிப்பவர்கள் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை.

கிளை_நூலகர்

நாற்காலிகளை மாற்றுவதற்கு வாசகர் வட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஒரு விசிறி மட்டும் பொருத்தலாம் என்றிருக்கிறோம். மின்பணியாளர் அதைக் கதவுக்கு மேலேயே வைத்துவிடலாம், கம்பி இழுக்க எளிது என்கிறார்.

காற்றுவழி

வேண்டாம் ஐயா. கதவுக்கு மேல் வைத்தால் கதவு வழியே வந்த காற்றையே அது திரும்ப வெளியே தள்ளும். பின்சுவரில் உட்கார்பவர்களுக்கு ஒரு மூச்சுகூடக் கிடைக்காது. கதவுக்கு நேர் எதிரே, பின்சுவரின் மேற்பகுதியில் பொருத்துங்கள். கதவின் அடியிலோ அதை ஒட்டிய சன்னலிலோ காற்று நுழைய வலையிட்ட திறப்பு ஒன்று இருக்கட்டும். அந்தத் திறப்பு கழிப்பறைப் பக்கமாகவோ ஜெனரேட்டர் நிற்கும் பக்கமாகவோ இருக்கக் கூடாது. விசிறியின் அட்டைப்பெட்டியில் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். சுவரில் பொருத்தி வலையும் மூடியும் போட்ட பிறகு அந்த அளவு கிடைக்காது என்பதால், தேவைக்கு ஒன்றரை மடங்கு உள்ளதாக வாங்குங்கள். வாங்குவதற்கு முன் கடையிலேயே ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்டுவிடுங்கள். இரைகிற விசிறியை முதல் நாளே யாராவது அணைத்துவிடுவார்கள்.